மலையே முதல்

திருவண்ணாமலை ரமணாசிரமம் சாலையில் சொந்தக் கடை போடுவதில் என்ன ஆதாயம்? அந்த ஆதாயம் யார் கையில் தங்குகிறது?

1896 செப்டம்பர் 1. திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் 16 வயதுப் பையன் ஒருவன் வந்து இறங்கினான். திருச்சுழியில் பிறந்து மதுரையில் படித்துக்கொண்டிருந்தவன். பெயர் வெங்கடராமன். வழியில் கைக்காசு தீர்ந்துபோக, திருக்கோவிலூரை அடுத்த கீழூரில் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்திருந்தான். கடுக்கன் 20 ரூபாய் பெறும் என்பார்கள். மீட்கும் எண்ணமே இல்லாததால் அடகு வாங்கியவரின் விலாசச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டான். பெரிய கோயிலில் அண்ணாமலையாரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன், அய்யங்குளக் கரையில் தலையை மழித்துக்கொண்டான். வேட்டியைக் கிழித்துக் கோவணம் கட்டினான். மிச்சமிருந்த 3 ரூபாய்ச் சொச்சத்தையும், கீழூரில் கட்டிக்கொடுத்த பட்சணப் பொட்டலத்தையும் தூக்கி எறிந்தான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம்மூர்ப் பழமொழி. இந்தப் பையன் அளக்கவில்லை.

பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அவர், 1950 ஏப்ரல் 14-இல் மறையும்வரை இந்த மலையை விட்டு நகரவில்லை. ஆனால் அவர் பெயரில் நிற்கும் ஆசிரமத்தின் வாசலில், செங்கம் சாலையில், காசு கைமாறாத நேரமே கிடையாது. டீக்கடை, இளநீர் வண்டி, பூக்கூடை, ருத்திராட்சக் கடை, புத்தகக் கடை, தையல், சலவை, வாடகை சைக்கிள், மாதக் கணக்கில் விடும் அறை, பாஸ்தா கிடைக்கும் மாடி உணவகம். பெரிய கம்பெனிகளின் பலகையைத் தேடத்தான் வேண்டும். ஒரு குடும்பம், ஒரு கல்லாப்பெட்டி, ஒரு முதலாளி என்பதே இங்கே பெரும்பாலும் கணக்கு.

முதல் போட்டு அதை ஆள்பவர் முதலாளி. இந்தச் சாலையில் அந்த முதல் எது? அடுப்பும் பாத்திரமும் என்றால் அவை எந்த ஊரிலும் கிடைக்கும். கடைக்கான முன்பணம் என்றால் அதை எந்தத் தெருவிலும் கொடுக்கலாம். இங்கே ஆளை வரவழைப்பது மலை. எந்தக் கடைக்காரரும் அதற்கு விலை கொடுக்கவில்லை, வாடகையும் கட்டவில்லை. ஆனாலும் எல்லாக் கடைக்கும் அதுவே முதல். சொந்தத் தொழிலின் நன்மையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான தெரு கிடைக்காது. எது முதல், எது லாபம் என்று பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் இங்கே கடை நிலைக்கிறது.

ஒரு சாலை, நாலு காலம்

சாலையின் முதல் காலம் அன்றாடம். விடியுமுன் ஆசிரமத்துக்குப் போகிறவர்கள், பிட்சைக்கு வரிசை பிடிக்கும் காவி வேட்டிச் சாதுக்கள், ரமண நகர்க் குடித்தனக்காரர்கள், பெங்களூர்ப் பக்கம் போகும் வண்டிக்காரர்கள். யார் நின்றாலும் கடைக்காரர் வாயில் வருவது ‘சாமி’தான். கோட் போட்டவரும் சாமி, கோவணம் கட்டியவரும் சாமி.

இரண்டாவது பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு நடக்கும் இரவு. மூன்றாவது கார்த்திகை தீபம். பத்து நாள் திருவிழாவில் ஊரே தேராக நகரும். நான்காவதை இங்கே ‘சீசன்’ என்றே சொல்கிறார்கள். குளிர்காலத்தில் வெளிநாட்டார் வந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கும் காலம். பால் பிரண்டன் 1934-இல் எழுதி வெளியிட்ட புத்தகம் ரமணரை மேல்நாட்டாருக்குக் காட்டிக்கொடுத்தது. ஆர்தர் ஆஸ்போர்ன் 1964-இல் தொடங்கிய ‘மவுண்டன் பாத்’ ஆசிரமப் பத்திரிகை அந்தத் தொடர்பை அறுபடாமல் காத்தது. மார்கழிப் புனர்பூசத்தில் வரும் ரமண ஜயந்தி இந்தச் சீசனுக்கு நடுவில் விழுகிறது. அண்மை ஆண்டுகளில் ஆந்திரா, தெலங்கானா பக்தர்கள் பெருகியதும், தமிழும் ஆங்கிலமும் இருந்த பலகைகளில் தெலுங்கும் ஏறிவிட்டது.

பௌர்ணமிக்கு முந்தைய மாலை இந்தச் சாலையில் நின்று பார்க்க வேண்டும். டீக்கடை வாசலில் கிடந்த பெஞ்சு உள்ளே போகிறது. உட்காருகிற ஒருவர் இடத்தில் நாலு பேர் நிற்கலாம் அல்லவா? கண்ணாடி டம்ளர் ஓய்வெடுக்க, காகிதக் கப் வெளியே வருகிறது. கழுவ நேரம் இருக்காது. இன்னொரு பாய்லர் ஏறுகிறது. டப்பாவில் சில்லறை நிரம்புகிறது. வறுத்த கடலைக்குச் சின்னப் பொட்டலம், பெரிய பொட்டலம் என இரண்டு அளவு. ஊரிலிருந்து மச்சானும் சித்தி மகனும் வந்து இறங்கியிருக்கிறார்கள். இத்தனையையும் முடிவு செய்ய யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மேலிடத்துக்குக் கடிதம் போகவில்லை. கூட்டத்தின் போக்கைப் பார்த்துக் கடை ஒரே மாலையில் உருமாறிவிட்டது.

சொந்தத் தொழிலின் முதல் ஆதாயம் இது. சம்பளக்காரருக்கு எந்த நாளும் முப்பதில் ஒரு பங்கு. கடைக்காரருக்குப் பௌர்ணமி வேறு, அமாவாசை வேறு. காலம் மாறும்போது கடையை மாற்றும் உரிமை அவர் கையில் இருக்கிறது. தெலுங்கு பேசும் கூட்டம் பெருகினால் காரத்தைக் கூட்டலாம். குளிர்காலத்தில் அதே அடுப்பில் காரம் குறைக்கலாம்.

கல்லாவில் விழுவதெல்லாம் லாபமா?

அதே உரிமை கண்ணை மறைக்கவும் செய்யும். ஒரு டீக்கடையைக் கற்பனையாக எடுத்து, கைக்கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு டீ 15 ரூபாய், நாளுக்கு 200 டீ. கல்லாவில் 3,000 ரூபாய். பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்து 1,450. கடை வாடகையும் கரண்டும் நாள் கணக்கில் 400. கூடமாட ஒரு ஆள், கூலி 600. செலவு 2,450 போக மிச்சம் 550. ராத்திரி அந்த 550-ஐ எண்ணும்போது லாபம் என்றுதான் தோன்றும். ஆனால் விடியற்காலை 4 மணியிலிருந்து நின்றவருக்குக் கூலி எங்கே? இதே ஆள் வேறொரு கடையில் டீ மாஸ்டராக நின்றிருந்தால், 750 ரூபாயும் சாப்பாடும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்தக் கடை அவருக்கு லாபம் தரவில்லை. நாளுக்கு 200 ரூபாய் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது அதே கடையில் பஜ்ஜி, பன், பிஸ்கட், தண்ணீர் பாட்டில் சேர்கிறது. கூடுதலாக 1,200 ரூபாய் வியாபாரம், அதில் 400 மிச்சம். மொத்தம் 950. தன் கூலி 750-ஐத் தனியாக எடுத்து வைத்தால் 200 ரூபாய் நிற்கிறது. அதுதான் லாபம். முதலாளியாக இருந்ததற்குக் கிடைத்தது அந்த 200 மட்டுமே. மற்ற 750 உழைப்புக்குக் கிடைத்த கூலி.

சின்ன வித்தியாசம்தான். ஆனால் நொடித்துப்போன கடைகள் பலவற்றின் கதை இந்த இடத்தில் தொடங்குகிறது. கல்லாவிலிருந்தே வீட்டு மளிகை, கல்லாவிலிருந்தே கல்யாண மொய், கல்லாவிலிருந்தே பிள்ளையின் பள்ளிக் கட்டணம். நாளைக்குப் பால் வாங்க வேண்டிய காசு இன்றைக்குச் சாப்பாடாகிவிடும். முதலைத் தின்பது என்று வியாபாரிகள் சொல்வது இதைத்தான்.

நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் நடத்தியபோது இதற்கு அஞ்சித்தான் கணக்கை மதித்தார்கள். பேரேடு எழுதாமல் நாள் முடியாது. ஆண்டு முடிவில் ஐந்தொகை போடாமல் பங்கு பிரியாது. முதலாளி வீட்டுப் பிள்ளையே ஆனாலும் பெட்டியடிப் பையனாக நின்று, அடுத்தாளாக வளர்ந்து, பிறகே மேலாள் ஆனார்கள். சொந்தக் கடைக்கு ஆசைப்படுகிறவர் ஒரு தீபத் திருவிழா முழுக்க இன்னொருவர் கடையில் நின்று பார்ப்பது நல்லது. பிழை செய்து கற்றாலும் அங்கே கூலி கிடைக்கும். சொந்தக் கடையில் அதே பிழைக்குத் தண்டம் கட்ட வேண்டும்.

வாடிக்கை என்னும் சொத்து

அந்த 200 ரூபாய்க்காகவா இத்தனை பாடு என்று கேட்கலாம். இந்தியாவில் வேலையில் இருப்போரில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில் செய்பவர்கள் என்கிறது மத்திய அரசின் 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பு. விவசாயி முதல் தள்ளுவண்டிக்காரர்வரை அதில் அடக்கம். எல்லோரும் ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. வேறு வேலை கிடைக்காமல் வந்தவர்களும் உண்டு. ஆனால் வந்தபின் கிடைக்கும் சில ஆதாயங்கள் அன்றன்றைய கல்லாவில் தெரியாது.

முதலாவது, நேரம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய தாய் விடிகாலையில் இட்லி போட்டு, எட்டரை மணிக்கு அடுப்பை அணைத்துவிடலாம். எந்த அலுவலகம் அப்படி ஒரு வேலை நேரம் தரும்? இரண்டாவது, தகுதிச் சீட்டு. பூ கட்டும் கையிடம் பத்தாம் வகுப்புத் தேறியதா என்று யாரும் கேட்பதில்லை. அறுபது வயதானால் வீட்டுக்குப் போ என்று சொல்லவும் ஆளில்லை. மூன்றாவது, பெயர். போணி ஆனதிலிருந்து பூட்டுப் போடும்வரை காட்டும் பக்குவம், முழம் போடுகையில் அரை விரல் தாராளம், சில்லறை இல்லாதபோது ‘நாளைக்குக் கொடுங்க சாமி’ என்று சொல்லும் மனசு. இவை சேர்ந்து வாடிக்கை ஆகின்றன. இன்னொருவரிடம் வேலை பார்த்துச் சம்பாதிக்கும் நல்ல பெயர் கடையின் பெயரோடு போய்விடும். சொந்தக் கடையில் சம்பாதிக்கும் பெயர் வீட்டோடு தங்கும், அடுத்த தலைமுறைக்கும் போகும்.

வளர்வதற்கும் அதுவே வித்து. 1970-இல் ஆர்.ஜி. சந்திரமோகன் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலோடு குச்சி ஐஸ் செய்யத் தொடங்கினார். ஹட்சன் என்னும் பெரிய பால் நிறுவனத்தின் தொடக்கம் அந்தச் சின்ன இடம். 1980-களில் பேட்ரிஷியா நாராயண் மெரினாவில் தள்ளுவண்டி போட்ட முதல் நாளில் விற்றது ஒரே ஒரு காபி. மறுநாளும் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பிறகு உணவகங்கள் நடத்தினார், 2010-இல் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருதும் வாங்கினார். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜெயித்தவர் கதைதான் பத்திரிகை அட்டைக்கு வரும். இரண்டாம் நாள் வண்டியைத் தள்ள முடியாமல் போனவரின் கதையை யாரும் அச்சடிப்பதில்லை. அவர்களில் பலரை நிறுத்தியது சோம்பல் இல்லை, கடன்.

தண்டல் போடும் கணக்கு

தெருக்கடைகளுக்குத் தெரிந்த கடன் தண்டல். பத்தாயிரம் பேசினால் கையில் வருவது 9,000. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால், அந்த 100 நாளில் சராசரியாகக் கையில் இருப்பது 4,500 ரூபாய்தான். அதற்கு 100 நாளைக்கு 1,000 ரூபாய் என்றால் ஆண்டு வட்டி 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. மேலே பார்த்த டீக்கடையின் லாபம் நாளுக்கு 200. அதில் பாதி தண்டலுக்கே போகும். மழை பெய்து வியாபாரம் படுத்த நாளிலும் தண்டல்காரர் பைக் வந்து நிற்கும். அநியாய வட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் விடிகாலை 5 மணிக்குப் பணம் தருகிறவர் தண்டல்காரர் மட்டுமே என்பதால் அவர் தொழில் நடக்கிறது.

வங்கிக் கதவும் இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. சாலையோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் ஈடு கேட்பதில்லை. 2025 ஆகஸ்டில் திருத்தியமைத்தபின் முதல் தவணைக் கடன் 15,000 ரூபாய். ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, அதற்கடுத்தது 50,000. வட்டியில் 7 சதவீதம் மானியமாகத் திரும்பி வரும். கடையாகவே நடத்துபவருக்கு 2015-இல் வந்த முத்ரா கடன் இருக்கிறது. அதன் முதல் படியான ‘சிசு’வில் 50,000 ரூபாய்வரை கிடைக்கும். மாவட்டத் தொழில் மையத்தின் வழியாகப் படித்த, வேலையற்ற இளைஞர்களுக்கு 25 சதவீத மானியத்தோடு கடன் தரும் மாநிலத் திட்டமும் உண்டு. இவை எல்லாவற்றிலும் காகித அலைச்சல் இருக்கத்தான் செய்யும். ஒரு வாரம் அலைவதும் ஒரு வருஷம் தண்டல் கட்டுவதும் ஒன்றில்லை.

கடை திறக்குமுன்

*சாப்பாட்டுப் பொருள் விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். சிறு கடைக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்.*

*சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் செய்வது, கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம்.*

*தள்ளுவண்டி, நடைபாதைக் கடைக்காரர்கள் விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். தெருவில் வியாபாரம் செய்வது அரசியல் சாசனம் தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சோதன் சிங் வழக்கில் 1989-இல் சொன்னது. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட உரிமை அது. 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்றக் கூடாது.*

*வீட்டுக் காசுக்கு ஒரு டப்பா, கடைக் காசுக்கு ஒரு டப்பா. இதற்கு எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம்.*

மலை இருந்தும் ஆள் இல்லாத நாட்கள்

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை போட்டார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், மாதாமாதம் நிலா வந்தது, ஆள் வரவில்லை. 2022 பங்குனியில்தான் தடை விலகியது. வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் 2022 மார்ச் 27-இல்தான் மறுபடி பறந்தன. இரண்டு சீசன் முழுசாகப் போயிற்று.

இந்தச் சாலைக்கு அது கசப்பான பாடம். கூட்டத்தை மட்டும் நம்பிய கடைக்குப் போக்கிடம் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பால், காய்கறி, பார்சல் சாப்பாடு கொடுக்க முடிந்த கடைக்குக் கஞ்சிக்காவது வழி இருந்தது. சம்பளக்காரருக்கும் அப்போது வேலை போயிற்று, உண்மைதான். ஆனால் அவருக்குக் கடை வாடகை பாக்கி நிற்காது. முதலாளிக்கு வரவு நின்றபோதும் வாடகை ஓடியது. சொந்தத் தொழிலின் நன்மையைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போவது, ஒரு பக்கத் தராசில் நிறுப்பது மாதிரி. நல்ல மாதத்தில் மூன்று மாத வாடகையை ஒதுக்கி வைத்தவர் இருட்டைத் தாண்ட முடியும். பௌர்ணமிக் காசை அந்தப் பௌர்ணமியிலேயே கரைத்தவர் திணறத்தான் வேண்டும்.

வியாபாரத்தை நாலு காலிலும் நிற்க வைப்பதே அதற்கு மருந்து. கிரிவலக் கூட்டம் ஒரு கால், சீசன் ஒரு கால், ஊர்க்காரர் ஒரு கால், வெளியூருக்கு அனுப்பும் சரக்கு ஒரு கால். ருத்திராட்ச மாலையும் சாம்பிராணியும் புத்தகமும் அஞ்சலில் போகக்கூடியவைதான். டீ போகாது. டீ விற்பவருக்கு ஊர்க்காரர்தான் அஞ்சல்.

முதலைத் தின்னாத வியாபாரம்

கல்லாவைத் தின்றால் கடை போகும். உடம்பைத் தின்றாலும் போகும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ராத்திரி பத்துக்குப் படுக்கும் முதலாளி, பத்து வருஷத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அதுவும் முதல் நஷ்டம்தான். பெயரைத் தின்றாலும் போகும். கூட்ட நெரிசலில் 20 ரூபாய்த் தண்ணீரை 40-க்கு விற்றவர் அன்றைக்கு லாபம் பார்த்திருப்பார். வாங்கியவர் ஊருக்குப் போய்ச் சொல்வது இந்தச் சாலை முழுவதையும் பற்றித்தான்.

கடைசியாக மலை. எல்லோருக்கும் பொதுவான முதல் என்பதால் யாரும் பேரேட்டில் எழுதாத முதல். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, பெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். அசையாது என்று அதுவரை நினைத்திருந்தது அசைந்தது. ஒவ்வொரு பௌர்ணமியும் விட்டுச் செல்லும் குப்பையும், மண்ணுக்கடியில் குறையும் தண்ணீரும், பாதையை நெருக்கும் ஆக்கிரமிப்பும் மெதுவாக நடக்கும் தின்னல். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து அதைக் கடைப்பிடிக்கிற கடைக்காரர் ஒரு ரகம். தன் முதல் அது என்று தெரிந்து கடைப்பிடிக்கிறவர் இன்னொரு ரகம்.

காசைத் தூக்கி எறிந்த அந்தப் பையனிடம் இங்கே திரும்பி வரலாம். 1916-இல் தாயார் அழகம்மாள் மலைமேல் கந்தாசிரமத்துக்கு வந்து தங்கியபின் அடுப்பு மூண்டது. பிறகு மலையடியில் ஆசிரமம் வளர்ந்தபோது, ரமணரே விடியுமுன் சமையற்கட்டுக்குப் போய்க் காய் நறுக்குவார். கீரைத் தண்டை வீணாக்க விடமாட்டார். தரையில் சிந்திய அரிசி மணியைப் பொறுக்கி எடுப்பார். ஒரு பக்கம் வெறுமையாக இருந்த தாளைச் சேர்த்துத் தைத்துக் குறிப்பேடு ஆக்குவார். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமாக்குவார். காசை எறிந்தவர் அரிசியை எறியவில்லை. எதைக் கைவிடலாம், எதைக் கைவிடக்கூடாது என்ற பிரிவினை அவருக்குத் தெளிவாக இருந்தது. அவர் வாசலில் கடை போட்டவர்களுக்கு அது பொருளாதாரப் பாடமாகவும் பயன்படும்.

பௌர்ணமி முடிந்த காலையில் இந்தச் சாலை அசதியாக இருக்கும். கடைசிக் கூட்டம் பஸ் பிடிக்கப் போயிருக்கும். காகிதக் கப்பும் வாழை இலையும் வடிகால்வரை சிதறிக் கிடக்கும். குரங்குகள் அவற்றில் எதையோ கிளறிக்கொண்டிருக்கும். தூக்கம் வழியும் கண்ணோடு ஒவ்வொரு கடையாகத் துடைப்பம் வெளியே வரும். சில துடைப்பங்கள் தன் கடை வாசலோடு நின்றுவிடும். சில, பக்கத்துக் கடை எல்லையையும் தாண்டி, மலைப்பக்கத்து ஓரம்வரை போகும். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். குப்பையைப் பெருக்குவதும் பெருக்குவது, முதலைப் பெருக்குவதும் பெருக்குவது.